ஆறு மணிக்கு எடை

கல்யாண மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது. ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஒரகடம் கூட்ரோடு பக்கம் முதல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நானும் என்னோடு வேலை பார்க்கும் இசக்கியும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

முந்தின நாள் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீரைக்கூட வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பியதோடு சரி. அன்றைக்குப் பத்து மணிக்கு அதே மண்டபத்தில் என் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. அதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு கிலோவுக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் ரிங்கில் ஏற விட மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பட்டினி.

இசக்கி கேட்டைத் தட்டோ தட்டென்று தட்டியதும் வாட்ச்மேன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். வாயில் பிரஷ்.

“யாரும்மா? இன்னா ஓணும்?”

“எடை பாக்க வந்தோம்ணே. பாக்ஸிங்.”

அவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “எடையா? அதான் நேத்தே பாத்து முடிச்சிட்டு மிஷினத் தூக்கினு பூட்டாங்களே. இப்ப உள்ள நானும் ஒரு நாயும்தான் கீறோம்.”

எங்களை ஆறு மணிக்கு வரச் சொன்ன, போட்டியை நடத்தும் ரவிக்குமாருக்குப் போன் போட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. நான்கு முறை போட்டேன். எடுக்கவில்லை.

நன்றி கேட்ட வாசகர்

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு செங்கல்பட்டு வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இவ்வளவு ஜெயித்த பிறகும் உங்கள் எழுத்தில் ஏனம்மா இத்தனை கோபம், கொஞ்சம் நன்றியோடு எழுதினால் என்ன என்று கேட்கிறார்.

ஐயா, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். நான் திட்ட வேண்டியவர்கள்தான் போனை எடுப்பதில்லை. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக: நான் ரேவதி. பென்னலூர்க்காரி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். அமெச்சூர் குத்துச்சண்டையில் மாநில அளவில் இரண்டு தங்கம், தேசிய அளவில் ஒரு வெண்கலம். இசக்கி என் லைனில் பக்கத்து ஸ்டேஷனில் நின்று ஒயர் கட்டுபவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள். குத்துச்சண்டை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்றென்றால் முதலில் சண்டைக்குப் போவது அவள்தான்.

காயலான் கடைத் தராசு

அமெச்சூரில் எடை பார்க்கும் வழக்கத்தைச் சொன்னால்தான் நாங்கள் செய்த முட்டாள்தனம் புரியும்.

அமெச்சூர் போட்டி நான்கு நாள், ஐந்து நாள் நடக்கும். உங்களுக்கு என்றைக்குச் சண்டையோ அன்றைக்குக் காலையில் எடை பார்ப்பார்கள். நேற்று பார்த்தார்களே என்றெல்லாம் பேச முடியாது. ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனால் மறுபடியும் காலையில் தராசு. ஏழெட்டு வருடம் இப்படியே பழகிய உடம்பு எனக்கு. சண்டையன்று காலை எடை பார்த்து முடிக்கும்வரை பெட்டியில் பிஸ்கட் இருந்தாலும் கை போகாது.

பயிற்சிக்கு என்று எங்களுக்குப் பெரிய இடமெல்லாம் கிடையாது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு காயலான் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. முன்னால் கம்பெனிகளிலிருந்து வரும் இரும்புக் கழிவு மலைபோல் குவிந்திருக்கும். பின்னால் நாங்கள் பையில் குத்திக்கொண்டிருப்போம். கோச் தாஸ் அண்ணன். அவருக்கும் என்னைவிட ஆறு வயதுதான் கூட. பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், சாயங்காலம் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

எடை பார்ப்பதும் கடைத் தராசில்தான். பித்தளை விற்க வந்தவர் இறங்கியதும் நான் ஏறுவேன். கடைக்கார பாய் கல்லாவில் இருந்தபடியே சத்தமாகச் சொல்வார்: “ஐம்பத்து மூணு நானூறு. ரேவதி, நேத்து பிரியாணி துன்னியா?” துன்னிருப்பேன். அவர் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஒரு பெண்ணின் எடை ஊருக்கே தெரிந்தது என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். தாஸ் அண்ணனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

திரும்பி வர முடியாத கையெழுத்து

தங்கம் வாங்கியபோது கம்பெனி கேன்டீனில் என் போட்டோவை மாட்டினார்கள். ‘நம் பெருமை’ என்று அடியில் எழுதியிருந்தது. போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தேன். வரும் வரும் என்று இரண்டு வருடம் ஓடியது. சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அதன் ஓரமே கிழிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரவிக்குமார் வந்தார். தொழில்முறைப் போட்டிகளை நடத்துபவர். யாரோடு யார் மோத வேண்டும் என்று ஜோடி சேர்ப்பவரும் அவரே. வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். “உன் கைக்கு அமெச்சூர்லாம் வேஸ்ட்மா. ப்ரோவுக்கு வா. மொத ஃபைட்ட ஜெயிச்சிட்டா வரிசையா அஞ்சு ஃபைட்டு நான் தரேன். அப்புறம் எதுக்கு லைன்ல நின்னுகினு கீற?” என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. நானும் தாஸ் அண்ணனும் என் பெயர் இருக்கும் இடத்தையும் எடை இருக்கும் இடத்தையும் பார்த்தோம். மீதியைப் புரட்டினோம். அதைப் படித்தோம் என்று சொன்னால் பொய்.

குத்துச்சண்டைச் சங்கத்தில் விசாரித்தபோது, தொழில்முறைக்குப் போய் ப்ரோ ஆனவள் இனி அமெச்சூர் பக்கம் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் ஒதுக்கீடும் அதோடு போச்சு. கம்பெனியில் HR கூப்பிட்டு, இங்கே இருந்துகொண்டு இன்னொரு தொழில் பார்ப்பது விதிக்கு விரோதம் என்று எச்சரித்தார். மறுநாள் கேன்டீனில் போட்டோ இல்லை, ஆணி மட்டும் இருந்தது. சும்மா சண்டை போட்டால் பெருமையாம், தொழிலாகச் செய்தால் குற்றமாம். இதே HR தான் என் பதக்கத்தைத் தன் கழுத்தில் போட்டு செல்ஃபி எடுத்தவர்.

ஆக, அந்த ஒரு சண்டையை ஜெயித்தால் எனக்கு ஒரு வழி உண்டு. தோற்றால் பின்னாலும் கதவு இல்லை, முன்னாலும் கதவு இல்லை.

மோர் குடித்த ஷைனி

எடை பார்த்தது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. சண்டை ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஞாயிறு மாலை மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்ததால் பாக்ஸிங்கைக் காலையிலேயே முடித்துக் காலி செய்ய வேண்டும் என்று கண்டிஷன். தாஸ் அண்ணனுக்குச் சனிக்கிழமை பகலும் ராத்திரியும் சேர்த்து டபுள் ஷிஃப்ட், மாற்றித் தரவில்லை. அதனால் என்னோடு வந்தது இசக்கி.

எதிராளி ஷைனி. சென்னைப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். போஸ்டரில் அவள் முகம் பாதி இடத்தை அடைத்திருந்தது. என் முகம் கீழே ஓரத்தில், ஸ்டாம்ப் சைஸில். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவளை வளர்க்கத்தான் சண்டை, அவளிடம் தோற்க ஒரு ஆள் நான். இது புரிவதற்கு எனக்கு அடி விழ வேண்டியிருந்தது.

நான் தராசில் ஏறினேன். ஐம்பத்தொன்று எண்ணூறு. அடுத்து ஷைனி. அவளை இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். எடை குறைக்கப் பட்டினி கிடந்து கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. தராசில் ஏற்றினார்கள். சரியாக ஐம்பத்திரண்டு.

“ஏட்டி, இவ நாளைக்கு எந்திரிச்சு நிப்பாளா?” என்று இசக்கி என் காதில் கேட்டாள்.

இசக்கி கையில் ஒரு பாட்டில் மோர் இருந்தது. இஞ்சியும் உப்பும் தட்டிப் போட்டது. எனக்காகக் கொண்டு வந்தாள். ஆனால் நாளைக் காலையில் மறுபடி எடை இருக்கிறதே, நான் எப்படிக் குடிக்க? நாற்காலியில் சாய்ந்து கிடந்த ஷைனியிடம் நீட்டினேன். மடக் மடக்கென்று முழுப் பாட்டிலையும் குடித்தாள்.

இதை நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். ‘குடி மகளே குடி, நாளைக்குத் தராசில் ஏறும்போது தெரியும்’ என்று நினைத்தேன். கார் நிறுத்தும் இடத்தில் அவள் ஆட்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவள் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். நானும் இசக்கியும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தோம்.

கிளம்பும்போது ரவிக்குமாரிடம் போய்க் கேட்டேன். “சார், நாளைக்கு வெயிட்டு எத்தினி மணிக்கு?”

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷைனியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஆறு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத.”

அந்த மூன்று பார்வையும் எனக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

நெத்திலிக் கருவாடு

வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை. அம்மா எனக்கென்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கத்திரிக்காய் போட்டு, புளி தூக்கலாக. தட்டில் சோற்றைக் குவித்துக் குழி பண்ணிக் குழம்பை ஊற்றி என் முன்னால் நகர்த்தினாள்.

“வேணாம்மா. நாளைக்குக் காலைல தராசுல ஏத்துவாங்க.”

“இன்னாத்துக்கு ஏத்தறான்? இன்னிக்குத்தான் ஏத்தனானே?”

“ரூல்மா.”

“இன்னா பொல்லாத ரூலு? மூஞ்சப் பாரு, பொணம் மாரி கீது. வெட்டப் போற ஆட்டுக்குக் கூட தழையக் காட்டிட்டுத்தான் இட்டுனு போவான்.”

நான் கத்தினேன். உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடு என்றேன். தாஸ் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவரும் “ஆமாம்மா, காலைல பாப்பாங்க, வாயக் கட்டிக்கினு இருக்கச் சொல்லு” என்றார். அம்மா தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டாள். அவளும் சாப்பிடவில்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவைத் திட்டியதை நினைத்தால் மட்டும் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கும்.

மணப்பெண் அறை

இனி பூட்டிய கேட்டுக்கு வருகிறேன்.

வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இசக்கிக்குத்தான் முதலில் புரிந்தது. “ஏமாத்திட்டாம்ட்டி. நேத்தோட எடை முடிஞ்சுட்டு. அவ திங்கட்டும், நீ பட்டினி கெடன்னு விட்டுட்டான்.” ஓடிப்போய்த் தள்ளுவண்டியில் எட்டு இட்லி வாங்கி வந்தாள். வெறும் வயிறு, பயம், ஆத்திரம். மூன்றுதான் இறங்கியது. எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில், மூன்றும் வெளியே வந்தது. பிறகு குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

எனக்கு ஒதுக்கியது மணமகள் அறை. கண்ணாடி ஓரமெல்லாம் யார் யாரோ கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு. ஷைனிக்கு மணமகன் அறை, அதில்தான் ஏ.சி. வேலை செய்தது. தாஸ் அண்ணன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அதே யூனிஃபார்மில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் கையில் பேண்டேஜ் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

ரிங்கில் ஏறியதும் எதிரே பார்த்தேன். நேற்று இரண்டு பேர் பிடித்துக் கூட்டி வந்த பெண்ணைக் காணோம். தோள் திரண்டு, கன்னம் பளபளவென்று வேறு ஒருத்தி நின்றாள். ஒரே நாளில் நான்கைந்து கிலோ ஏற்றியிருந்தாள். அதில் எங்கள் மோரும் உண்டு.

அமெச்சூரில் எங்களுக்குத் தலைக்கவசம் உண்டு, கிளவுஸும் கனம். இங்கே தலைக்கு ஒன்றும் இல்லை, கிளவுஸும் மெலிசு. முதல் அடி காதோரம் விழுந்தபோது மண்டபத்துச் சத்தம் எல்லாம் நின்று, எங்கோ தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி கேட்டது. இரண்டு நிமிட ரவுண்டு நான்கு. முதல் மூன்றில் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கை போய்ச் சேரும்போது அவள் அங்கே இல்லை. மேடையில் அலங்காரக்காரர்கள் ரிசப்ஷனுக்குப் பூ வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ரவுண்டில் அவர்களும் வேலையை நிறுத்திவிட்டு நான் அடி வாங்குவதை வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாவது முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது தாஸ் அண்ணன் கேட்டார். “நிறுத்திடலாமா ரேவதி?”

நான் தலையைத் தூக்கினேன். முன்வரிசை தெரிந்தது. ரவிக்குமார் சாத்துக்குடி ஜூஸ் குடித்தபடி போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ரிங்கைப் பார்க்கக்கூட இல்லை. நான் விழுவதும் விழாததும் அவருக்கு முன்பே முடிந்துபோன காரியம். “வேணாம்ணே” என்று எழுந்தேன்.

நான்காவது ரவுண்டில் ஷைனி சும்மா சுற்றி வந்து நேரத்தைக் கடத்தப் பார்த்தாள். நான் விடவில்லை. கயிற்று ஓரமாக விரட்டி, இடது கையை விலாவில் இறக்கினேன். அவள் முழங்கை கீழே வந்தது. வலது கையைத் தாடையில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். ரெஃப்ரி எட்டு எண்ணும்போதுதான் எழுந்தாள். நான் மறுபடி நெருங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

தொழில்முறையில் மார்க் எப்படி என்றால், ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. தோற்றதோடு கீழேயும் விழுந்தால் எட்டு. முதல் மூன்று ரவுண்டு அவளுக்கு, கடைசி எனக்கு. அவள் முப்பத்தெட்டு, நான் முப்பத்தேழு.

ஒரே ஒரு பாயிண்ட். அம்மா குழம்பு ஊற்றி வைத்த சோற்றில் நான்கு வாய் தின்றிருந்தால் அந்த மூன்றில் ஒரு ரவுண்டையாவது நான் எடுத்திருப்பேன். வாசகர் ஐயா, இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்?

சார் போன இடம்

மணமகள் அறைக்கு ரவிக்குமாரே வந்தார். எனக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த இசக்கி எழுந்து நின்றாள்.

“ஏன் சார், எடை கெடையாதுன்னு ஒரு வார்த்த சொல்லிக்கலாமில்ல?” என்று கேட்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

“இன்னும் அமெச்சூர் மாதிரியே பேசுறியேமா. ப்ரோ ஆயிட்ட. ரூல தெரிஞ்சுக்க வேண்டியது உன் வேல.”

“தெரியாமதானே உங்களக் கேட்டேன்? ஆறு மணின்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆயிரம் பேரு ஆயிரம் கேக்குறாங்க. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?” என்றவர், கதவுப் பக்கம் போய்த் திரும்பினார். உண்மையிலேயே எனக்காக வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார். “ஜெயிச்சிருந்தா உன்னப் போஸ்டர்ல போடலாம். ஒழுங்கா தோத்திருந்தா மாசம் ஒரு ஃபைட்டு குடுத்திருப்பேன். நீ ரெண்டும் பண்ணல. விழப்போற மாதிரி இருந்துட்டு திருப்பி அடிக்கிற பொண்ணு எதிர்ல எவன் தன் ஆள நிறுத்துவான்?”

அதுவரை அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

“ஒழுங்கா தோக்கறதுக்கு வேற ஆளப் பாரு,” என்றேன். “நீ மொதல்ல வெளிய போ.”

அவர் போவதற்குள் ஷைனி உள்ளே வந்தாள். தாடையில் ஐஸ் துணி. வெற்றி மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. வாயைத் திறக்கவே கஷ்டப்பட்டாள்.

“இன்னாக்கா, மொத மூணு ரவுண்டு தூங்கிட்ட? கடேசில இப்டி எறக்குற?”

இசக்கி விட்டாள் பாருங்கள். “எப்படி ஆடுவா? முந்தாநேத்து ராத்திரி தின்னவ. நேத்து முழுக்கப் பச்சத் தண்ணி குடிக்கல. காலைல எடை இருக்குன்னு இந்த ஆளு சொல்லி, பூட்டுன கேட்டுல வந்து நின்னா. ஒனக்குக் குடுத்த மோரு அவளுக்குக் கொண்டாந்தது, தெரியுமாட்டி?”

ஷைனி ரவிக்குமாரைப் பார்த்தாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தாடையைத் தடவியபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

“நல்ல வேளக்கா.”

கிண்டல் இல்லை. நான் சாப்பிட்டு வந்திருந்தால் தன் கதி என்ன என்று பயந்துபோய்ச் சொன்னாள். இரண்டு தங்கம், ஒரு வெண்கலம், ஓரம் கிழிந்த சர்டிபிகேட், எதுவும் எனக்குச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். அவள் போன பிறகுதான் நான் அழுதேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, ஆத்திரம் தீர அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம்போல என்னை யாரும் கூப்பிடவில்லை. லைனில் நின்று ஒயர் கட்டினேன். பிறகு என்னைத் தெரியாத ஊர்களில் சண்டை கிடைத்தது, ஜெயித்தேன். ஷைனி இன்று பெரிய பெயர். மறுபடி மோதலாம் என்று அவள் தரப்புக்கு மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டேன். ஒருமுறை தேதி இல்லை என்றார்கள். ஒருமுறை கையில் அடி என்றார்கள். மூன்றாம் முறை பதிலே இல்லை.

நான் காத்திருக்கிறேன். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு.